கீறல் விழுந்த விதைகள்

ஏரிக்குள் ஒரே ஒரு கருவேலமரம் எஞ்சியிருந்தது. அதன் கிளைகளில்தான் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டி வாழ்ந்தன. அம்மரமும் பட்டுப்போகத் தொடங்கியது.

"இந்த மழைக்குக் கன்று முளைக்காவிட்டால் நாங்கள் வேறு ஏரி தேடிப் போகிறோம்!" என்று குருவிகள் கலங்கின.

கரையில் விதைச்சாலை நடத்திவந்தது ஒரு முள்ளம்பன்றி. இறைவன் குறையின்றிப் படைத்தவை என்று பளபளக்கும் விதைகளை மட்டுமே அது பக்தியோடு விதைக்கும். இரண்டு மழையாக ஒன்றும் முளைக்கவில்லை.

அங்கே புதிதாகச் சேர்ந்தவள் நங்கை என்னும் அணில். கீறல் விழுந்த விதைகளைப் பொறுக்கி எறிவதே புதியவர்களுக்கு இடப்பட்ட பணி. ஒரு தூறலுக்குப் பின், தான் எறிந்த குப்பையில் ஏழு முளைகளைக் கண்டாள், ஓடிவந்து சொன்னாள்.

மேற்பார்வை பார்த்த மைனா சிரித்தது. "உனக்கே இன்னும் பல் முளைக்கவில்லை! அதற்குள் விதை முளைத்த கதையா?"

நங்கை இரண்டு பாத்திகளில் விதைத்தாள். பளபளக்கும் விதை பத்து, பாறையில் தேய்த்துக் கீறிய விதை பத்து. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே நீர். எட்டாம் நாள் முள்ளம்பன்றியை அழைத்துக் காட்டினாள். தேய்த்தவற்றில் ஒன்பது முளைத்திருந்தன. பளபளத்த பத்தும் அப்படியே கிடந்தன.

"விதையின் தோல் கடினம், ஐயா. கீறல் வழியாகத்தான் நீர் உள்ளே போகிறது."

முள்ளம்பன்றி தயங்கியது. "இருப்பது கடைசிக் கூடை விதை, அம்மா. கீறிப் பாழாகிவிட்டால்?"

"கீறாமல் இரண்டு மழை பார்த்துவிட்டோமே, ஐயா!"

முள்ளம்பன்றி நெடுநேரம் அந்த ஒன்பது முளைகளையே பார்த்தது. பிறகு கூடையைக் கவிழ்த்து, விதைகளின்மேல் தன் முள்முதுகோடு புரண்டது.

"ஐயையோ! பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது!" என்று அலறியது மைனா.

"இல்லையப்பா. இந்த முட்களுக்கும் ஒரு திருத்தொண்டு உண்டு என்று இன்றுதான் தெரிந்தது!"

கீறிய விதைகளை ஏரியில் விதைத்தனர். மழை வந்தது. முதுமரத்தைச் சுற்றிலும் கருவேலங்கன்றுகள் தலைகாட்டின. குருவிகள் நன்றி சொல்ல வந்தபோது முள்ளம்பன்றி விலகி நின்றது. "என்னிடம் அல்ல, நங்கையிடம் சொல்லுங்கள்!"

"கன்றுகள் வளரும்வரை இந்தக் கிளைகளிலேயே பொறுத்திருப்போம்!" என்று சொல்லி, குருவிகள் கூடு கட்ட மீண்டும் நார் கிழிக்கப் பறந்தன.

நேற்று வந்தவர் கண்ட உண்மையையும் சோதித்துப் பார்த்து, அதை அவர் பெயராலேயே போற்றுவதுதான் பெரியோர்க்கு அழகு.