'அண்ட்' இருந்த இடத்தில் 'ஆர்'

கோடையில் அந்தக் காட்டில் ஒரே ஒரு குளம்தான் வற்றாமல் கிடந்தது. அதற்காக மான்களும் காட்டுப்பன்றிகளும் ஓயாமல் சண்டை போட்டன.

சர்க்கஸிலிருந்து தப்பி வந்த ஒரு கரடி இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தியது. அதற்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து மட்டும்தான். 'டியர் அண்ட் பிக்ஸ் டிரிங்க் ஹியர்' என்று ஒரு பலகையில் எழுதிக் கரையில் நட்டது. மான்களும் பன்றிகளும் இங்கே தண்ணீர் குடிக்கும் என்று அர்த்தமும் சொல்லிவிட்டு, தேன் தேடி மலைக்கு அப்பால் போய்விட்டது.

அன்றிலிருந்து இரண்டு கூட்டமும் சேர்ந்தே வந்தன. பன்றிகளின் கோரைப் பல்லுக்குப் பயந்து, மான்களை நெருங்க முடியாமல் ஓர் ஓநாய் பட்டினி கிடந்தது. அதற்கும் நாலு எழுத்து தெரியும். ஒருநாள் பலகையில் 'அண்ட்' என்பதைச் சுரண்டிவிட்டு 'ஆர்' என்று கீறிவைத்தது.

மறுநாள், மான்கள் அல்லது பன்றிகள், யாராவது ஒருவர்தான் குடிக்கலாம், அதுதான் சட்டம் என்று பலகையைக் காட்டி ஓநாய் அறிவித்தது. பழைய சண்டை மறுபடி மூண்டது. முட்டி மோதி ஜெயித்த மான்கள் தனியாகக் குளத்தில் இறங்கின. நாலு நாளில் மூன்று குட்டிகளைக் காணவில்லை.

பள்ளிக்கூட ஜன்னலோரம் வளர்ந்த மைனா ஒன்று பலகையைப் பார்த்தது. அதன்மேல் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது:

"'ஆர்' என்றால் இரண்டில் ஒன்று. 'அண்ட்' என்றால் இரண்டும். கரடி எழுதியது 'அண்ட்'. மூன்று எழுத்து இருந்த இடத்தில் இப்போது இரண்டுதான் இருக்கிறது. சுரண்டிய தடத்தை வந்து பாருங்கள்."

"நீ படித்தவள்தான்," என்றது ஓநாய். "ஆனால் இறகைப் பிய்த்துவிட்டால் பறக்க முடியாது."

"அந்த 'ஆனாலு'க்கு ஆங்கிலத்தில் 'பட்' என்று பெயர். அதுவும் எனக்குத் தெரியும்," என்றது மைனா. இடத்தை விட்டு அசையவில்லை.

குட்டியைப் பறிகொடுத்த செம்பி என்ற மான், பன்றிகளின் தலைவன் முரடனிடம் போய், மறுபடி சேர்ந்தே குடிக்கப் போகலாம் என்று கூப்பிட்டாள். முரடன் தயங்கினான். பலகையில் இப்போது 'அண்ட்' இல்லையே என்றான்.

"பலகையில் இருந்தால் ஓநாய் சுரண்டுவான். நாம் ஒட்டி நடந்தால் எதைச் சுரண்டுவான்?" என்றாள் செம்பி.

முரடன் எழுந்தான். ஒரு மான், ஒரு பன்றி, ஒரு மான், ஒரு பன்றி என்று விலாவோடு விலா உரச இரண்டு கூட்டமும் குளத்துக்கு நடந்தன. ஓநாய் வழியை மறித்து உறுமியது. யார் குடிக்கப் போகிறீர்கள், மானா பன்றியா என்று கேட்டது.

"மானும் பன்றியும்," என்றாள் செம்பி, நிற்காமல்.

முரடன் தலையைத் தாழ்த்திப் பல்லைக் காட்டினான். ஓநாய் ஒதுங்கியது. பிறகு ஓடியது. எல்லோரும் வயிறு நிறையக் குடித்தார்கள்.

சேர்க்கும் சொல்லை அழித்து நம்மைப் பிரிக்க வருகிறவனுக்கு, அவன் கண்ணெதிரே சேர்ந்து நடப்பதே பதில்.