மூன்று சொல் இல்லாமல் விற்ற பாய்

முன்னொரு காலத்தில் கோரையாற்று நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் பிடித்தது அவருக்கு மத்தியானம் பிடிக்காது. ஒருநாள் சந்தைக்குப் போனவர் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார். கத்தரிக்காய்க்காரனும் "அருமை, அற்புதம், அமிர்தம்" என்கிறான், விளக்குமாறு விற்பவனும் அதையே சொல்கிறான்!

"இனி இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லி விற்பவருக்குச் சந்தையில் கடை கிடையாது" என்று தண்டோரா போட்டுவிட்டார்.

மறுநாளே மாட்டிக்கொண்டவள் பாய் விற்கும் அங்காயி. பழக்கதோஷத்தில் "அருமையான பாய்!" என்று கூவிவிட்டாள். சந்தை அதிகாரி வல்லபராயருக்குக் கொண்டாட்டம். நல்ல நிழலில் இருந்த அவள் கடைமேல் அவருடைய மச்சானுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அவளைப் பாயும் கையுமாக அரசவைக்கு இழுத்து வந்தார்.

"அந்தக் கடையை நம்பித்தான் ராசா என் பிள்ளைங்க சாப்பிடுது."

"சரி, எனக்கு ஒரு பாய் விற்றுக் காட்டு. அந்த மூன்று சொல்லில் ஒன்றும் வரக்கூடாது. விற்றால் கடை உனக்கு."

"பட்டு மெத்தையில் படுப்பவருக்குக் கோரைப்பாயா!" வல்லபராயர் சிரித்தார்.

அங்காயி வாயைத் திறந்தாள். எதைச் சொல்ல நினைத்தாலும் அந்த மூன்றில் ஒன்றுதான் வாய்க்கு வந்தது. பாயைப் புகழ வழியில்லாமல் ராஜா முகத்தைப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"ராசா, ராத்திரி தூங்கினீங்களா?"

"எங்கே தூங்க? இந்தச் சித்திரை வெயிலுக்கு மெத்தை அடுப்பாகக் கொதிக்கிறது. இறங்கித் தரையில் படுத்தால் விலா வலிக்கிறது."

"அப்போ எப்படி இருந்தா தேவலை?"

"தரை மாதிரி குளுகுளுவென்று இருக்கணும், ஆனால் உறுத்தக்கூடாது. காற்று வரும் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ள..." ராஜா பேச்சை நிறுத்தினார். அவர் கண் அவள் கையிலிருந்த பாய்மேல் நின்றுவிட்டது.

"லேசா தண்ணி தெளிச்சுப் படுங்க ராசா. ஆனா முதுகுல வரி விழும், இப்பவே சொல்லிட்டேன்."

அவையிலேயே பாயை விரித்துத் தண்ணீர் தெளித்தார்கள். ராஜா சாய்ந்தார்.

"பிரபு, தீர்ப்பு?" என்றார் வல்லபராயர். குறட்டைதான் பதிலாக வந்தது. காவலர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

சாயங்காலம் எழுந்த ராஜா சோம்பல் முறித்தார். "கடை உனக்கே அங்காயி. அரண்மனைக்கும் நீதான் பாய் கொடுக்கணும். வல்லபராயரே, தினமும் என் முகத்தில்தானே விழிக்கிறீர்? தூங்கினீர்களா என்று ஒருநாள் கேட்டதுண்டா? போய் இவள் கடையில் உட்கார்ந்து விற்றுவிட்டு வாரும்."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வல்லபராயர் கடையில் உட்கார்ந்தார். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்து நின்றாள். 'அற்' என்று திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"பாய் யாருக்கும்மா?"

"இவனுக்குத்தான். படுத்தா நனைச்சிடுறான். கழுவினா காயுமா?"

"எனக்குத் தெரியாதும்மா. அங்காயி, காயுமா?"

"கழுவிச் சாய்ச்சு வெச்சா பொழுது சாயறதுக்குள்ள காஞ்சிடும்."

"கேட்டுக்கிட்டியாம்மா? எனக்கும் இப்பத்தான் தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். "சுருட்டிக் கட்டுங்க ஐயா" என்று காசை அவரிடமே நீட்டினாள்.