தடி கொடுத்தவர்

"அம்மா, அவனிடம் அப்படி என்ன கண்டீர்கள்?" என்று கேட்டான் சேந்தன்.

நல்லமங்கை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவனிடம்?"

"வில்லவனிடம்."

"ஓ, அவனா." இன்னொரு தோலை எடுத்துப் பிதுக்கினார். "நேற்று ஒரு நரிக்கதை சொன்னான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது."

சேந்தனுக்கு முகம் சுருங்கியது. அந்தச் சிரிப்பு அவன் காதிலும்தான் விழுந்திருந்தது. அத்தனை ஆண்டுகளில் அவன் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த நாட்டில் சட்டம் எழுதத் தெரிந்தவர்கள் சொற்பம். அவர்களுக்கெல்லாம் முதல் ஆள் நல்லமங்கை. ஆற்றங்கரையில் அவர் நடத்திவந்த நீதிப்பள்ளியில் படித்தவர்கள்தான் அரசவையில் பாதிப் பேர். படித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போய்விட்டார்கள். சேந்தன் மட்டும் போகவில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்தான், அவருடைய பேச்சுக்களைத் தொகுத்தான், காதோரம் நரைக்கும் வரை அவர் பக்கத்திலேயே இருந்துவிட்டான். அந்த இடம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

போன மழைக்காலத்தில் கோடன் என்ற பரிசல்காரன் காவல் கூடத்தில் செத்துப்போனான். எதையோ திருடினான் என்ற சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். காய்ச்சலில் இறந்தான் என்றார்கள் காவலர்கள். காவல் தலைவர் பெருஞ்சாத்தன் விசாரித்தார். அவரும் காய்ச்சல் என்றே முடித்தார்.

கோடனின் மனைவி வெள்ளிதான் உடலைக் கழுவியவள். முதுகில் கண்டதை அவையில் போய்ச் சொன்னாள். காவலர்களில் ஒருவனே எழுந்து, "காய்ச்சல் இல்லை, நான் கதவுக்கு வெளியே நின்றேன்" என்றான். ஊர் திரண்டது. அவை இறங்கி வந்தது. காவலர்களைக் கேள்வி கேட்க ஒரு சட்டம் எழுதித் தரும்படி நல்லமங்கையிடம் ஆள் அனுப்பியது.

சாட்சி சொன்ன காவலனுக்கு வேலை போயிற்று. அவன் பெயர் வில்லவன். போக்கிடம் இல்லாமல் பள்ளிக்கு வந்தான். தெருவில் காவலர்கள் தொல்லை தந்ததால் வெள்ளியும் அங்கேயே வந்து தங்கினாள்.

சட்டத்தின் பிரிவுகளைச் சேந்தன்தான் எழுதினான். பிடிபட்டவரை அடிக்கக் கூடாது. பட்டினி போடக் கூடாது. வீட்டாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வரியும் பாட்டுப் போல ஓடியது. மீதி இருந்தது கடைசிப் பிரிவு ஒன்றுதான். இவற்றைக் காவலன் மீறினால், அவனை விசாரிப்பது யார்?

அதை எழுதும் வேலையை நல்லமங்கை வில்லவனிடம் கொடுத்துவிட்டார்.

"அவனுக்கு ஒரு வரியை நேராக எழுத வராது, அம்மா."

"வராதுதான்."

"எழுத்துப் பிழை."

"நிறைய."

"பிறகு?"

"மொச்சை உரிக்கிறாயா?" என்று முறத்தை நகர்த்தினார்.

சேந்தன் உரிக்கவில்லை. எழுந்து போய்விட்டான்.

அதன்பின் அவன் கண் வில்லவனைவிட்டு அகலவில்லை. கஞ்சி ஊற்றும்போது யாருக்கு முதலில் ஊற்றுகிறார் என்று பார்த்தான். மாலையில் ஆற்றுப் பக்கம் நடக்கப் போகும்போது யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தான். வில்லவன் எழுத முடியாமல் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அவர் அவனருகே சும்மா உட்கார்ந்திருப்பார். திருத்துவதுகூட இல்லை. சேந்தனின் எழுத்தை எத்தனை முறை அடித்துத் திருத்தியிருப்பார்!

எரிந்தது.

ஒரு நாள் கடைத்தெருவில் காவல் தலைவர் எதிரே வந்தார். "வீட்டாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமாமே? ஆள் யார், நாங்களா?" என்று கேட்டுச் சிரித்தபடி போனார்.

சேந்தன் அப்படியே நின்றுவிட்டான். அது அவன் எழுதிய பிரிவு. இன்னும் பள்ளியைவிட்டு வெளியே போகாத பிரிவு.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினான். அவன் நெஞ்சில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டும் இருந்தது.

"அம்மா, நாம் எழுதுவது காவல் தலைவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்."

"யார்?"

"அங்கே வேலை பார்த்தவன் யார்?"

நல்லமங்கை அவனைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னால் நாய் விரட்ட வைத்திருந்த தடியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"விசாரி."

"நானா?"

"நீதானே சந்தேகப்படுகிறாய்."

"எப்படி விசாரிப்பது?"

"உனக்குத் தோன்றுகிறபடி," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

விறகு வைக்கும் அறைக்கு வில்லவனைக் கூப்பிட்டான் சேந்தன். கதவைச் சாத்தினான்.

"நில்."

வில்லவன் நின்றான். காவலன் நிற்கிற மாதிரி, கைகளை ஒட்டி நின்றான்.

"காவல் தலைவரைப் பார்த்தாயா?"

"ஒரு நாள் பாலத்தில் எதிரே வந்தார்."

"என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்."

"பொய்."

சாத்திய அறையில் தன் குரல் பெரிதாகக் கேட்பதைச் சேந்தன் கவனித்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது. பள்ளியில் யாரும் அவன் குரலுக்கு அப்படி விறைத்து நின்றதில்லை.

வில்லவனின் மூட்டையை அவிழ்க்கச் சொன்னான். இரண்டு வேட்டி, ஒரு பழைய இடைவார். வேறொன்றும் இல்லை. இல்லாதது அவனுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

கேட்டதையே திரும்பக் கேட்டான். வில்லவன் சொன்னதையே திரும்பச் சொன்னான். வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. ஓடு காய்ந்து அறை அடுப்பாகிவிட்டது.

"கொஞ்சம் தண்ணீர்," என்றான் வில்லவன்.

"உண்மையைச் சொல். தருகிறேன்."

"சொல்லிவிட்டேன்."

"அம்மா கொடுத்த வேலையை நீ எப்படி வாங்கினாய்? அதைச் சொல். நரிக்கதை சொல்லியா?"

வில்லவன் நிமிர்ந்து பார்த்தான். தான் விசாரணைக்கு நிற்பது எதற்காக என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது போலிருந்தது. உதட்டோரம் லேசாக ஏதோ அசைந்தது. சிரிப்பாகக்கூட இல்லாமல் இருக்கலாம்.

தடி விழுந்தது.

வில்லவன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். சேந்தன் தன் கையைப் பார்த்தான். அடிக்க வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. ஆனால் அடித்த கை அவனுடையதுதான்.

கதவு திறந்தது. வெள்ளி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். வில்லவனின் வாயருகே செம்பைக் கொண்டுபோனாள். அவன் மடக்மடக்கென்று குடித்தான்.

"எங்கள் வீட்டுக்காரருக்கும் உதடு இப்படித்தான் வெடித்திருந்தது," என்றாள்.

சேந்தனைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

மாலையில் நல்லமங்கை கேட்டார்: "விசாரித்தாயா?"

"விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை."

"அவன் கை ஏன் வீங்கியிருக்கிறது?"

சேந்தன் கதவுப் பக்கம் பார்த்தான். "கதவு சாத்தும்போது நசுங்கிவிட்டது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு எளிதாக வந்தது என்று அவனுக்குத் தெரிந்தது.

"சரி," என்றார் நல்லமங்கை. "விசாரித்தவன் நீ. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. கஞ்சி ஊற்றும்போது அன்று சேந்தனுக்கே முதலில் ஊற்றினார்.

எத்தனை நாள் ஏங்கிய கஞ்சி. ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

மறுநாள் காலை வில்லவன் ஆற்றுப் படியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தான். சேந்தன் பக்கத்தில் போய் நின்றான்.

"நீ ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை?"

"என்னவென்று?"

"நான் அடித்ததை."

வில்லவன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "தடி கொடுத்தது அவர். வாங்கியது அவர் கூடவே வாழ்ந்த நீங்கள். நான் நேற்று வந்தவன். யாரிடம் போய்ச் சொல்வது?"

சேந்தன் ஒரு படி கீழே இறங்கினான்.

"ஒன்று சொல்லட்டுமா?" என்றான் வில்லவன். "உங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எதையும் யோசிக்காமல் தடியைத் தூக்கி உங்களிடம் கொடுத்தாரே. என்னிடம் அவர் ஒரு நாளும் அப்படிக் கொடுக்க மாட்டார். நான் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பார்த்தீர்களா? நம்பிக்கை இருந்தால் எழுந்து போயிருப்பாரே."

சேந்தன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு எழுந்து நேரே நல்லமங்கையிடம் போனான்.

"அம்மா, கதவு இல்லை. நான்தான் அடித்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"கதவில் நசுங்கினால் இரண்டு பக்கமும் தடம் விழும். அவன் மணிக்கட்டில் ஒரு பக்கம்தானே விழுந்திருக்கிறது?"

"பிறகு ஏன் சரி என்றீர்கள்?"

"நீ என் ஆள் இல்லையா?"

அவனுக்குக் கண் கலங்கியது. அந்தச் சொல்லுக்காகத்தான் அவன் அத்தனை காலம் காத்திருந்தான். இப்போது அதைக் கேட்க முடியவில்லை.

"காவல் தலைவரிடம் சொன்னது யார், அம்மா?"

"நான்தான். கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். சட்டம் அவர்களைப் பற்றியது. அவர்களும் கேட்க வேண்டாமா?"

"என்னிடம் சொல்லியிருக்கலாமே!"

"நீ என்னை விசாரிக்கவில்லையே."

சேந்தன் தடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். "என்னை விசாரியுங்கள்."

"நான் எப்படி விசாரிப்பது? தடி கொடுத்தவள் நான். மூடி மறைத்தவளும் நான்."

"அவையில் சொல்லலாம்."

"அங்கே பாதிப் பேர் என் மாணவர்கள். உன்னோடு ஒரே பந்தியில் உண்டவர்கள்."

"அப்படியானால் யார்தான் விசாரிப்பது?"

"கடைசிப் பிரிவை எழுதும் வேலை உன்னுடையது இல்லையே," என்றார். "எழுதுகிறவனைப் போய்க் கேள்."

வில்லவனால் எழுத முடியவில்லை. அவன் சொன்னான், சேந்தன் எழுதினான்.

தடி பிடித்தவனைத் தடி பிடித்தவன் விசாரிக்கக் கூடாது. தடி கொடுத்தவரும் விசாரிக்கக் கூடாது. இருவரோடும் சேர்ந்து உண்ணாத வெளியூரார் விசாரிக்க வேண்டும். தடி கொடுத்தவரையும் கூண்டில் நிறுத்திக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அடிபட்டவன் யார் கையையும் எதிர்பாராமல் நேரே அவர்களிடம் போகலாம். போனவனை யாரும் வேலையைவிட்டு நீக்கக் கூடாது.

ஓரிடத்தில் சேந்தன் நிறுத்தினான். "'உண்ணாத' என்பதைவிட நல்ல சொல் ஒன்று இருக்கிறது."

"காவலர்களுக்குப் புரியுமா?"

சேந்தன் யோசித்தான். "புரியாது."

"அப்போது வேண்டாம்."

கை துறுதுறுத்தது. ஆனாலும் வில்லவன் சொன்னபடியே எழுதினான். கடைசியில் வில்லவனின் பெயரையும் தன் கையாலேயே எழுதினான். எழுதும்போது எரியத்தான் செய்தது.

அவையில் சட்டம் வாசிக்கப்பட்டது. கூட்டம் வாசல் வரை நிறைந்திருந்தது. வெள்ளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பிரிவைக் கேட்டு அவையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் வாசலில் நின்ற கூட்டம் நகரவில்லை. கைகள் உயர்ந்தன. சட்டம் நிறைவேறியது. விசாரிக்க மறுகரை ஊர்களிலிருந்து மூவர் அழைக்கப்பட்டு மேடையில் அமர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு மருத்துவச்சி.

பெருஞ்சாத்தன் தன் இருக்கையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "சட்டம் அருமை. முதலில் வந்து நிற்கப் போவது யாரோ?"

சேந்தன் கூண்டில் ஏறினான்.

சிரிப்பு நின்றது. பிறகு வாசலில் நின்ற கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"உன்மேல் புகார் சொல்வது யார்?" என்று கேட்டாள் மருத்துவச்சி.

கூட்டத்தின் நடுவிலிருந்து கட்டுப் போட்ட கை ஒன்று மெல்ல உயர்ந்தது.

"அடித்தாயா?"

"அடித்தேன்."

"ஏன்?"

அவைக்கே கேட்கும்படி சேந்தன் சொன்னான். "பொறாமையில்."

மருத்துவச்சி அவனைக் கூர்ந்து பார்த்தாள். "அடிக்கத் தடி உனக்கு எப்படி வந்தது?"

சேந்தன் வாயைத் திறந்தான். அந்தப் பெயரை மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை.

அவையின் உயர்ந்த இருக்கையிலிருந்து நல்லமங்கை எழுந்தார். அவருடைய மாணவர்கள் பதறி எழுந்து நின்றார்கள். உட்காரும்படி கை காட்டிவிட்டு, அவர் மெதுவாகப் படியிறங்கி வந்து கூண்டில் ஏறினார்.

"தடி கொடுத்தது நான்," என்றார் மருத்துவச்சியிடம்.

பிறகு சேந்தனின் தோளை லேசாக இடித்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லப்பா. இன்னொருவரும் ஏற வேண்டும்."

அவையில் எல்லாத் தலைகளும் காவல் தலைவர் பக்கம் திரும்பின.