குடையின் கீழே கொள்ளு மூட்டை

இதைச் சிரிக்க வைக்க முடியாதே.

லாயத்தின் வாசலில் நின்ற ஆவுடைக்கு முதலில் தோன்றியது அதுதான். அரசரின் கோபத்தை ஒரு விகடத்தால் கரைக்கத் தெரிந்த சபை விகடகவி அவள். ஆனால் எதிரே நின்றது குதிரை. வெள்ளை விழி தெரிய அவளையே பார்த்தது. தோல் முழுவதும் நடுங்கியது.

முன்னொரு காலத்தில், மழை தவறினாலும் வரி தவறாத ஒரு நாட்டில் நடந்தது இது. கடல் கடந்து வந்த அந்தக் கருங்குதிரையைச் சபைக்கு அழைத்து வந்த அன்று, அரசரின் தலைக்கு மேல் வெண்கொற்றக்குடையைப் படாரென்று விரித்தார்கள். குதிரை மிரண்டு முன்னங்கால்களைத் தூக்கி எழுந்தது. அதன் குளம்பு அரசரின் காதோரமாகக் காற்றைக் கிழித்தது. கிரீடம் உருண்டு தூணில் போய் முட்டி நின்றது.

அரசர் எழுந்தார். "வரும் நவமிக்குள் இந்தக் குதிரை கயிறும் சாட்டையும் இல்லாமல் தானாக வந்து, என் குடையின் முன் தலைதாழ்த்த வேண்டும். இல்லையேல் அதன் தலை உருளும்."

குதிரைப்படைத் தலைவர் மல்லப்பர் முந்திக்கொண்டார். "பேச்சாலேயே எல்லோரையும் வளைக்கும் நம் ஆவுடையிடம் ஒப்படைக்கலாம், மகாராஜா. முடியாவிட்டால் அவளுக்குச் சபையில் இடம் எதற்கு?"

அரசர் தலையசைத்தார். விகடத்துக்கு நேரமே கிடைக்கவில்லை.

"அம்மா, கிட்டப் போகாதீங்க. நேத்து என் தோளைக் கவ்விருச்சு," என்று லாய வாசலில் அவளைத் தடுத்தார் லாயக்காரர் இருளப்பர்.

"எதைக் கண்டா இப்படி மிரளுது?"

"கப்பல்ல பாயைப் படபடன்னு விரிப்பாங்கல்ல, அதுக்கு அடியிலதான் கட்டிப்போட்டிருந்தாங்களாம். வெள்ளைத்துணி விரிஞ்சாப் போதும், உசுரே போற மாதிரி அலறுது."

ஆவுடை பண்டகசாலையிலிருந்து ஒரு பழைய கொற்றக்குடையைக் கேட்டு வாங்கினாள். மடித்த குடையை லாயத்தின் கோடியில் சாய்த்துவிட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அடுத்த நாளும் அதேதான். குதிரை அதை மறந்து புல்லைக் கடித்த பிறகே குடை ஓரடி முன்னால் வந்தது. பிறகு பாதி விரிந்தது. ஒருநாள் அவசரப்பட்டு முழுதாக விரித்துவிட்டாள். குதிரை தடுப்பை உடைத்தது; அவள் வைக்கோலில் போய் விழுந்தாள். முழங்கையில் ரத்தம். அதைவிட, ஓடிய குதிரை சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்ற விதம் அவளைத் திடுக்கிட வைத்தது. அரசரின் புருவம் நெரியும்போது தனக்குள் எழுமே, அதே பயம். அவள் அதை விகடமாக மாற்றிவிடுவாள். குதிரைக்கு அந்த வித்தை தெரியாது.

மறுபடி மூலையிலிருந்து தொடங்கினாள். தடுப்பை உடைத்ததில் குதிரைக்குப் பட்ட காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். வைக்கோல் பிடியால் உடம்பைத் தேய்த்துவிட்டாள். கடைசியில் விரித்த குடையை நட்டு, அதன் கீழே ஒரு முக்காலியில் கொள்ளு மூட்டையை வாய் திறந்து வைத்தாள். "ராஜாதி ராஜ! ராஜ கம்பீர!" என்று, அரசரின் வரவைக் கூவி அறிவிக்கும் கட்டியக்காரர் குரலில் கூவினாள். இருளப்பர் சிரித்துச் சிரித்து இருமினார். குதிரை காதை விடைத்தது. நெடுநேரம் கழித்துத் தலையைத் தாழ்த்தி ஒரு வாய் கொள்ளைத் தின்றது.

நவமியன்று சபை கூடும் முன்பே அரசரின் அறைக்கு அவளை இழுத்துவந்தார்கள். மல்லப்பர் வியர்க்க விறுவிறுக்க நின்றார்.

"ராஜ துரோகம், மகாராஜா! உங்கள் குடையின் கீழே கொள்ளு மூட்டையை அமர்த்தி, உங்கள் பட்டப்பெயர்களை அதற்குச் சொல்லியிருக்கிறாள்!"

அரசரின் முகம் வெளுத்தது. "மூட்டைக்கா?"

"ஆம், மகாராஜா," என்றாள் ஆவுடை.

மல்லப்பரே திகைத்துப்போனார். அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தார். அரசர் அவரைச் சபைக்கு அனுப்பிவிட்டு வாளின் பிடியில் கைவைத்தார்.

"என் குடையின் முன் என்றுதானே உத்தரவிட்டீர்கள், மகாராஜா? அதன் கீழே தாங்கள் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லையே. இன்றும் மூட்டையே அமரட்டும். தாங்கள் தூணின் பின்னால் நில்லுங்கள். யார் இருக்கிறார் என்று பார்த்து வணங்குபவர் சபையில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு, பிறகு என் தலையை எடுங்கள்."

அரசர் அவளையே பார்த்தார். வாளிலிருந்து கை மெல்ல நழுவியது.

சபையில் திரை விலகியது. கட்டியக்காரர் கூவினார். வெண்கொற்றக்குடை படாரென்று விரிந்தது. சபை மொத்தமும் இடுப்பு வளைந்து, கண்களைத் தரையில் பதித்தது. எல்லோரையும் விடத் தாழ்வாக வளைந்தவர் மல்லப்பர்.

குனிந்த தலைகளுக்கு நடுவே, கயிறில்லாமல், குளம்பொலி மட்டும் வந்தது. பிறகு ஒரு சத்தம். மொறு மொறு.

அரசர் எதையோ மென்று தின்கிறாரா? மல்லப்பர் ஓரக்கண்ணால் நிமிர்ந்து பார்த்தார். அரியணையில் கொள்ளு மூட்டை. அதற்குள் தலைதாழ்த்தி நிற்கும் கருங்குதிரை. அவர் வாய் திறந்தது, மூடவில்லை. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து அப்படியே உறைந்தது.

தூணின் பின்னாலிருந்து அரசர் வெளியே வந்தார்.

"மல்லப்பரே, மூட்டையை என் குடையின் கீழே அமர்த்துவதே ராஜ துரோகம் என்றீரே? அதை வணங்குவது?"

"மகாராஜா... நான்... குடையைப் பார்த்து..."

"குதிரை மூட்டையைப் பார்த்து வணங்கியது. நீர் எதைப் பார்த்தீர்?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையின் கையில் வைத்தார். குதிரையின் தலை உருளாது என்றும் அறிவித்தார்.

"இன்னும் ஒரே ஒரு வேலை, ஆவுடை. இவர்களைப் போலவே, கொள்ளு இல்லாவிட்டாலும், கீழே இருப்பது யாரென்று பார்க்காமலே இது வணங்க வேண்டும். கற்றுக்கொடு."

குதிரை மூட்டையிலிருந்து தலையைத் தூக்கியது. விரித்த குடையின் நிழல் அதன் முதுகில் கிடந்தது, தோல் நடுங்கவில்லை. ஆவுடை அதன் வாயோரம் ஒட்டியிருந்த கொள்ளைத் துடைத்துவிட்டாள். நெஞ்சில் ஏதோ ஒரு விகடம் எழுந்தது. அவள் அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"பார்க்காமல் வணங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான், மகாராஜா," என்றாள் மெதுவாக. "அதனால்தான் இதற்குக் கற்றுத்தர மாட்டேன்."