எதிர் நாற்காலி

"டீச்சர், எனக்கு லைட்டிங் வரவே வராது போல."

பாண்டி பன்னிரண்டு படங்களை மேசைமேல் பரப்பினான். கோவில்பட்டியில் இருபது வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவன். வயது நாற்பத்தேழு. டீச்சர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறுதான். அவள் எடுக்கும் முகப் படங்களைப் பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் அவளிடம் போய், "எனக்கும் நிழல் சொல்லிக் குடுங்க" என்று நின்றவன் அவன்.

கல்யாண வீட்டில் முகத்தில் துளி நிழல் விழுந்தாலும் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதனால் இரண்டு பக்கமும் லைட்டு வைத்துப் பழகிய கை அது. ஒரு லைட்டைப் போட்டதும் மற்றதன் சுவிட்சுக்குத் தானாகப் போகும். முதல் மாதம் முழுக்க ஜெசிந்தா அந்த இரண்டாவது லைட்டின் ஒயரைப் பிடுங்கித் தன் பையிலேயே வைத்திருந்தாள்.

நிழல் பிடிபட்டது. பிறகு அதுவே பெரும்பாடாகிவிட்டது. புதுச் செருப்பு வாங்கியவன் வீட்டுக்குள்ளும் போட்டு நடப்பது போல, கண்ட முகத்தில் எல்லாம் நிழலைப் போட்டான்.

பன்னிரண்டு படத்திலும் ஒரே பெண். ஒன்றில் பாதி முகம் இருட்டு. ஒன்றில் உச்சியிலிருந்து வெளிச்சம் விழுந்து கண் இரண்டும் குழியாகத் தெரிந்தன.

"யாருண்ணே இது?"

"எங்க அக்கா. பேச்சியம்மா."

"எதுக்கு அழுறாங்க?"

"அழல டீச்சர். லைட்டு அப்படி."

"லைட்டு எதுக்கு அழுது?"



பாண்டி ஒரு படத்தை நேராக்கி வைத்தான்.

"நாலு வருசத்துக்கு முன்ன எனக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. அக்காதான் அவளோடத ஒண்ணு குடுத்தா. யாரும் கேக்கல. அவளா ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துக்கிட்டா."

ஜெசிந்தா ஒரு படத்தை எடுத்துப் பார்த்தாள்.

"இதுவரைக்கும் நான் அவகிட்ட நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லல டீச்சர். சொல்ல வாயெடுத்தாலே, 'சட்டியில கொழம்பு இருக்கு, தின்னுட்டுப் போ'ங்கா. ஞாயித்துக்கெழம அந்தமானுக்குப் போறா. மக வீட்டுக்கு. இனிமே அங்கதான். அதான் ஒரு படமாச்சும் எடுத்துக் கையில குடுத்துட்டா, நான் சொல்ல நெனச்சது அதுல இருக்கும்னு பாத்தேன்."

"அக்கா படத்தப் பாத்தாங்களா?"

"பாத்தா."

"என்ன சொன்னாங்க?"

"'ஏலே, நான் என்ன செத்தா போயிட்டேன்?'னு கேட்டா."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாண்டிக்கு வரவில்லை.

"அவ பட்ட கஷ்டம் படத்துல தெரியணும்னு நெனச்சேன் டீச்சர்."

"யாருக்குத் தெரியணும்? அவங்களுக்கா?"

 பட்ட கஷ்டம் பட்டவளுக்குத் தெரியாதா என்ன?

ஜெசிந்தா படங்களை அடுக்கி அவனிடம் நீட்டினாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு அக்காவக் கூட்டிட்டு வாங்க. வெள்ளச் சட்ட போட்டுட்டு வரணும்."

"அக்காவுக்கு எதுக்கு டீச்சர் சட்ட?"

"உங்களுக்குண்ணே. கேமரா கொண்டு வராதீங்க."

*

மறுநாள் பேச்சியம்மாள் ஜெசிந்தாவின் ஸ்டுடியோ மாடிப்படி ஏறி வந்து, முந்தானையை இழுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு விறைத்தது. தாடை இறுகியது. மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

"ரேசன் கார்டுக்கு இல்லக்கா" என்றாள் ஜெசிந்தா.

"எனக்கு இப்படித்தான் தாயி வரும்."

ஜெசிந்தா ஜன்னல்களை அடைத்துக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டாள். அறை இருண்டது. அக்காவுக்கு எதிரே, முழங்கால் முழங்காலில் இடிக்கும் தூரத்தில், இன்னொரு நாற்காலியைப் போட்டாள்.

"நீங்க இதுல உக்காருங்கண்ணே."

பாண்டி உட்கார்ந்தான்.

அறையில் இருந்தது ஒரே ஒரு லைட்டு. அதை அவனுக்குப் பக்கத்தில் இழுத்து, அவன்மேல் திருப்பினாள். லைட்டின் வெளிச்சம் அக்கா பக்கம் நேராகப் போகாதபடி நடுவில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகினாள்.

பாண்டிக்குப் பதறியது.

"டீச்சர், படம் எனக்கில்ல. அக்காவுக்கு."

"தெரியும்."

"அவ இருட்டுல இருக்கா."

"தெரியும்ணே. அசையாதீங்க."

பாண்டியின் கை பழக்கதோஷத்தில் இன்னொரு சுவிட்சைத் தேடியது. சுவரில் அப்படி ஒன்றும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டான்.

ஜெசிந்தா கேமராவுடன் அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அக்கா, என்னைப் பாக்க வேணாம். உங்க தம்பி எப்படி இருக்காருன்னு பாத்துச் சொல்லுங்க."

"அவனுக்கென்ன? நெதம் பாக்குறவதானே."

"வெளிச்சத்துல வச்சுப் பாருங்க."

பேச்சியம்மாள் பார்த்தாள்.

 பிறகு பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"மூஞ்சி தெளிஞ்சிருக்கு."

"முன்ன எப்படி இருந்தாரு?"

"அத ஏன் கேக்குற. சாம்பப் பூசுன மாதிரி இருப்பான். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கும். ஒரு நாளைக்கு இம்புட்டுத் தண்ணிதான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெயில்ல வந்து, செம்பைக் கையில வச்சுக்கிட்டு, குடிக்காம பாத்துக்கிட்டு நிப்பான். அந்தச் செம்பைப் பாத்தாத்தான் எனக்குத் தாங்காது."

"இப்ப?"

"இப்ப ரெண்டு செம்பு குடிக்கான்."

அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.

"கன்னத்துல சத வச்சிருக்கு பாரேன். ஏலே பாண்டி, ஏழு கழுத வயசாச்சு, இன்னும் பட்டன மாத்திப் போட்டிருக்கியே!"

சிரித்துவிட்டாள். குனிந்து பார்த்த பாண்டியும் சிரித்துவிட்டான். மேல் பட்டன் ஓட்டை மாறித்தான் இருந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமரா ஒரே ஒரு தடவை சொடுக்கியது.

"அவ்வளவுதான்" என்றாள் ஜெசிந்தா.

"எடுத்தாச்சா?" பேச்சியம்மாளுக்கு நம்பிக்கையில்லை. "நான் இன்னும் நேரா உக்காரவே இல்லையே."

*

கம்ப்யூட்டரில் படம் வந்தது.

பேச்சியம்மாளின் முகத்தில் ஒரு பக்கம் இளம் வெளிச்சம். மறுபக்கம் மெல்ல நிழலுக்குள் போயிருந்தது. கன்னத்துச் சுருக்கம், மூக்குத்தி, நரைத்த முடி எல்லாம் இருந்தன. அழுகை இல்லை. பார்க்கப் பார்க்கப் பாண்டிக்கு நெஞ்சு நிறைந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்று, பக்கத்துக் கட்டிலிலிருந்து இவள் இப்படித்தான் பார்த்தாள்.

பேச்சியம்மாளும் எட்டிப் பார்த்தாள்.

"இதுலயும் பாதி மூஞ்சி இருட்டாத்தான் இருக்கு."

"ஆமாக்கா."

"இருக்கட்டும். இத நான் அந்தமானுக்குக் கொண்டு போறேன்."

பாண்டி ஜெசிந்தா பக்கம் திரும்பினான்.

"டீச்சர், இருந்த ஒரு லைட்டும் எம்மேலதான் இருந்துச்சு. அக்கா மொகத்துக்கு எங்கேருந்து வந்துச்சு வெளிச்சம்?"

"படத்துல அக்கா கண்ணைப் பெருசு பண்ணிப் பாருங்க."

ஒரு படத்துக்கு லைட்டு எங்கே வைக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கப் படம் எடுக்கிறவர்கள் கண்மணிக்குள்தான் தேடுவார்கள். எந்த லைட்டாக இருந்தாலும் அங்கே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கும்.

பாண்டி பெரிதாக்கினான். புள்ளி இருந்தது.

இன்னும் பெரிதாக்கினான்.

புள்ளிக்குத் தோள்கள் இருந்தன. மடியில் வைத்த கைகள் இருந்தன. வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

பாண்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். லைட்டு அவன் வெள்ளைச் சட்டையில் பட்டுத்தான் அக்கா முகத்துக்குப் போயிருந்தது.

"என்னலே தேடுற?" என்றாள் அக்கா.

"லைட்டத் தேடுறேன்க்கா."

"கெடச்சுதா?"

"கெடச்சிருச்சு" என்றான் பாண்டி. "நீ குடுத்ததுதான்க்கா."