ஒரே விசில்

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும் என்று யார் சொன்னது? அருணகிரிக்கு அறுபது வயதில் குரு கிடைத்தார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு, பெயர் மங்கையர்க்கரசி. திண்டுக்கல்லில் ஒரு சந்து வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மசக்கைப் பொடியும், பிள்ளை பெற்றவர்களுக்கு லேகியமும் செய்து விற்கிறவர். வாசலில் ஒரு போர்டுகூடக் கிடையாது. வியாபாரம் மொத்தமும் வாட்ஸ்அப்பில்தான்.

அருணகிரி கவர்மென்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி விசாலம் திரிக்கும் பருப்புப் பொடியை நாலு பேருக்கு விற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. போனில் வியாபாரம் செய்யும் வித்தை பிடிபடவில்லை. அரசியின் பெயரைக் கேள்விப்பட்டு நேரே போய் நின்றார்.

"சம்பளம் வேண்டாம்மா. பொட்டலம் கட்டுறேன், கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தொழிலைச் சொல்லிக் கொடுங்க."

அரசி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போனுக்கு ஆறு இலக்கத்தில ஒரு நம்பர் வரும் ஐயா. அதை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அதான் முதல் பாடம்."

"யார் கேட்டாலுமா?"

"நானே கேட்டாலும்."

"நீங்க கேட்டா எப்படிம்மா சொல்லாம இருக்கிறது?"

"கேட்கிறது நானா இருக்காதே ஐயா."

அன்றைக்கே அருணகிரி மனசுக்குள் விழுந்து கும்பிட்டுவிட்டார். வீட்டுக்குப் போய் விசாலத்திடம் சொன்னார், கோயமுத்தூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார், மருமகள் நிறைமதியிடமும் சொன்னார். ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி. கண்டக்டர் தொண்டை அப்படி.

அந்தத் தொண்டையால் வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. வேலையில் இருந்த கடைசி வருஷம், நிறைமதி முழுகாமல் இருக்கிறாள் என்று மகன் போன் செய்த அன்றே டெப்போ முழுக்க லட்டு கொடுத்தார். மூன்றாம் மாதம் அது தங்கவில்லை. அதற்கப்புறம் டிரைவர் கேட்டார், செக்கர் கேட்டார், டீக்கடைக்காரர்கூட "மருமகளுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார். அடுத்த வருஷமும் ஒன்று தங்காமல் போனது. நிறைமதி ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். ஏன் என்று அருணகிரிக்கு விளங்கவில்லை.

அரசியின் போனைத் திறந்தால் ஒரே பூக்கடைதான். செம்பருத்தி, மகிழம்பூ, நந்தியாவட்டை, பவளமல்லி. வாங்குகிறவர்கள் ஒவ்வொருவர் நம்பரும் ஒரு பூவின் பெயரில். யார் எந்தப் பூ என்பது அரசிக்கு மட்டும்தான் தெரியும். உள்ளூர் பொட்டலங்களை அருணகிரி கொண்டுபோவார். வெளியூருக்குப் போவதை அவர் கட்டிக் கொடுத்தால், விலாசம் எழுதுவதும் கூரியரில் போட்டுவிட்டு வருவதும் அரசிதான்.

பொட்டலத்தின் மேலே என்ன சாமான் என்று ஒரு வார்த்தை இருக்காது. வெறும் காக்கிக் கவர்.

"ஏம்மா இப்படி மொட்டையா அனுப்புறீங்க? 'அரசி மசக்கைப் பொடி'ன்னு கொட்டை எழுத்தில போட்டா நமக்கு விளம்பரம்தானே?"

அரசி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பொடியை நிரப்பினார். மேலே "மசக்கைப் பொடி" என்று அவர் கேட்டபடியே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்.

"இதைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கடைவீதி வரைக்கும் போயிட்டு வாங்க ஐயா. பையில போடாதீங்க."

போனார். பூக்காரம்மா பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "மருமகளுக்கா? சொல்லவே இல்லையே!" பழைய டிரைவர் சின்னச்சாமி டீக்கடையிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டார். "யோவ் அருணகிரி, லட்டு எங்கய்யா? இந்தத் தடவையாவது தங்குச்சா?"

திரும்பி வந்தபோது அவர் முகம் செத்திருந்தது. பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"இல்லாத சேதியைக் கேட்டா என்னம்மா சொல்றது?"

அரசி லேபிளைக் கிழித்துவிட்டு, பாட்டிலைக் காக்கிக் கவருக்குள் போட்டு ஒட்டினார்.

அன்றிலிருந்து கவர் ஒட்டுவதில் அருணகிரியை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு கவருக்கு ரெண்டு கவர் போட்டார். டிக்கெட் புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்துப் பழகிய கை அல்லவா, கவரின் மூலையை மூன்று மடிப்பாக மடித்து அழுத்துவார். வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே இருப்பது தெரியாது. பாடம் படித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். படித்தது கவர் மட்டும்தான் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

அரசி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் செய்தி அனுப்புவார். பொடி தயார் என்றாலும் தனித்தனி, கடை லீவு என்றாலும் தனித்தனி. பார்க்கப் பார்க்க அருணகிரிக்குக் கை அரித்தது.

"பஸ்ஸில ஒவ்வொருத்தர் காதுலயும் போயா 'வத்தலகுண்டு வந்திருச்சு'ன்னு சொல்லுவோம்? ஒரே விசில், ஒரே சத்தம், வேலை முடிஞ்சது. எல்லாரையும் ஒரு குரூப்பா சேர்த்துட்டா என்னம்மா?"

"அன்னைக்குக் கடைவீதிக்குப் போயிட்டு வந்தீங்களே ஐயா."

"ஆமா. அதான் கவர் ஒட்டுறேனே."

அரசி சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

சித்திரைத் திருவிழா வந்தது. கடை லீவு என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். அரசி நல்லெண்ணெய் வாங்கச் செக்குக்குப் போயிருந்தார். போன் அருணகிரி கையில். குரு வருவதற்குள் வேலையை முடித்து அசத்திவிடலாம் என்று உட்கார்ந்தார். செம்பருத்தியிலிருந்து பவளமல்லி வரை அத்தனை பேரையும் ஒரு குரூப்பில் சேர்த்தார். "தாய்மார்கள் குழு" என்று பெயர் வைத்தார். "திருவிழாவுக்குக் கடை லீவு. மசக்கைப் பொடி வேண்டியவர்கள் முன்பே சொல்லவும்" என்று போட்டார். ஒரே விசில். டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் திரும்பி வரும்போது அரசி வந்துவிட்டிருந்தார். போனில் பேசிக்கொண்டிருந்தார், இல்லை, கேட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில் யாரோ அழுவது மட்டும் அருணகிரிக்குக் கேட்டது.

"அழாதீங்க. எடுத்துட்டேன், எல்லாரையும் எடுத்துட்டேன். தப்பு எங்க பக்கம்தான்."

போனை வைத்தார்.

"யாரும்மா?"

"நந்தியாவட்டை." அரசி அடுப்புத் திண்டில் சாய்ந்து நின்றார். "ரெண்டு தடவை தங்காம போச்சு அவங்களுக்கு. இந்தத் தடவை அஞ்சு மாசம் தாண்டற வரைக்கும் புருஷனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு இருந்தாங்க. குரூப்புன்னா ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியும் ஐயா. நம்ம போனில பூ. அவங்கவங்க போனில பேரு. அவங்க சொந்தக்காரம்மா ஒருத்தரும் நம்மகிட்ட வாங்குறாங்க. பார்த்திருப்பாங்களோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

அருணகிரி உட்கார்ந்துவிட்டார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இனி என்ன செய்து என்ன?

அதற்குள் போன் மறுபடி அடித்தது. அரசி பேரைப் பார்த்தார். எடுத்தார். அந்தச் சொந்தக்காரம்மாவேதான். அவர் என்ன கேட்டார் என்பது அருணகிரிக்குக் கேட்கவில்லை. அரசி சொன்னது மட்டும் கேட்டது.

"எந்த நம்பரும்மா? ... எங்க குரூப்பில எல்லாரும் இருப்பாங்க, பொடி கேட்டு ஒரு தடவை எழுதினவங்ககூட. ... அவங்க வாங்குறாங்களா, வாங்கலையான்னு நான் சொல்ல மாட்டேன்."

மறுமுனையில் குரல் ஏறியது. அரசியின் குரல் ஏறவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நாளைக்கு அவங்க போன் பண்ணி, நீங்க என்கிட்ட என்ன வாங்குறீங்கன்னு கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

அங்கே பேச்சு நின்றது. அந்த அம்மாளும் என்னத்தையோ, யாருக்கும் தெரியாமல்தான் வாங்குகிறார்போல.

"சரிம்மா. நானும் யார்கிட்டயும் கேட்கல, நீங்களும் மறந்துருங்க," என்று அந்த அம்மாள் சொன்னது அருணகிரிக்கே கேட்டது.

அம்மாடி, என்ன பெண்பிள்ளை! பொய் சொல்லவில்லை, சண்டை போடவில்லை, ஒருத்தியைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் எத்தனை வாயை அடக்கியிருக்கிறார் அருணகிரி. இப்படி ஒரு வாயை அடக்கத் தெரிந்திருக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியது, அது வெட்கத்திலா பெருமையிலா என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

அன்று சாயங்காலம் வரை அரசி குரூப்பில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அருணகிரியின் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. "எங்க தப்பு" என்றுதான் சொன்னார்.

மறுநாள் அருணகிரி வாசலிலேயே நின்றார். உள்ளே வரக் கால் வரவில்லை. அரசி வந்து போனை அவர் கையில் வைத்தார்.

"வேண்டாம்மா. நான் தொட மாட்டேன்."

"தொடாம எப்படி ஐயா தொழில் கத்துக்கிறது? இங்க பாருங்க, பிராட்காஸ்ட்னு ஒண்ணு இருக்கு. ஒரே தடவை அனுப்பினா எல்லாருக்கும் போகும். தனித்தனியா போகும். ஒருத்தர் இருக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியாது. நம்ம நம்பரை அவங்க போனில பதிஞ்சு வச்சிருந்தாத்தான் போகும், அதான் இதுவரைக்கும் கையால அனுப்பினேன். பதியாதவங்களுக்கு இனியும் நானே அனுப்பிக்கிறேன். லீவு சேதியை நீங்களே அனுப்புங்க."

அனுப்பினார். பிறகு அவராகவே நந்தியாவட்டைக்கு ஒரு பொட்டலம் கட்டினார். மூலையை மூன்று மடிப்பாக மடித்து அழுத்தினார். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு இந்தத் தடவை தங்க வேண்டும் என்று பழனி முருகனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தார். மாதாமாதம் அந்தப் பொட்டலத்தை மட்டும் வேறு யார் கையாலும் கட்டவிடவில்லை.

ஆவணியில் மகன் போன் செய்தான். "அப்பா, ஒரு தடவை வந்துட்டுப் போங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க." காரணம் சொல்லவில்லை.

கோயமுத்தூரில் நிறைமதி கதவைத் திறந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து விட்டிருந்தாலும் விசாலம் பார்த்தவுடன் கண்டுகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறாம் மாதம்.

"தண்ணி எடுத்துட்டு வரேன் மாமா," என்று நிறைமதி உள்ளே போனாள். நீ உட்காரும்மா என்று அருணகிரி தானே சமையலறைக்குப் போனார். செம்பைத் தேடி அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு காக்கிக் கவர். மூலையில் மூன்று மடிப்பு.

செம்பை எடுக்காமலே நின்றார்.

நிறைமதி பின்னால் வந்து நின்றாள். "நீங்க அவங்களைப் பத்தி அவ்வளவு பெருமையா சொன்னீங்களே மாமா, அதான் அவங்ககிட்டயே வாங்கினேன். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு முதல் நாளே கேட்டுக்கிட்டேன். தப்பா நினைக்காதீங்க. மறுபடி லட்டுக் கொடுத்துருவீங்களோன்னு பயம்." கொஞ்சம் நிறுத்தினாள். "திருவிழா சமயத்தில ஒரு குரூப்பில என் நம்பரைப் பார்த்துட்டு அன்னைக்கு முழுக்க அழுதேன் மாமா. யாரோ தெரியாம செஞ்சுட்டாங்களாம். அரசியக்காதான் சரி பண்ணினாங்க."

அருணகிரி அலமாரியை மூடினார். மருமகளின் தலையில் கையை வைத்தார்.

ஊருக்குத் திரும்பியதும் பஸ் ஸ்டாண்டில் சின்னச்சாமி பிடித்துக்கொண்டார். "என்னய்யா, ஜோடியா கோயமுத்தூர்? என்ன விசேஷம்?"

"வெயில் ஜாஸ்தி அங்க," என்றார் அருணகிரி. நேரே சந்து வீட்டுக்கு நடந்தார்.

அரசி பொடி சலித்துக்கொண்டிருந்தார். அருணகிரி எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா. என் மருமகளைப் பார்த்துட்டு வரேன். என் கையால கட்டின கவர் அங்க இருக்கு. அன்னைக்கு அழுதது அவதான். அவளே எல்லாம் சொல்லிட்டா."

அரசி சலிப்பதை நிறுத்தவில்லை.

"இத்தனை மாசம் பக்கத்திலயே உட்கார்ந்து பொட்டலம் கட்டியிருக்கேன். எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா நீங்க?"

அரசி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"எதை ஐயா?"