கல்லுக்கு அடியில் குடியிருப்பவர்கள்

மலையடிவாரத்தில், ஆற்றங்கரையில் ஒரு மடம். குருவின் பெயர் மரகதம்மை. சீடர் நல்லசிவம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். அன்னதானப் பொறுப்பு அவருடையது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் காலை கீழூர்ப் பேச்சி வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, தலை துவண்டு கிடந்தது.

"புள்ளைக்கு வயித்தால போவுது தாயி. எங்க தெருவுல பாதி வீட்டுல இதே கததான். ஆத்துத் தண்ணியக் குடுக்கலாமா, வேண்டாமா?"

குரு மடத்து ஜீப்பில் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "நீ திரும்பி வரும்போது பதில் இருக்கும்" என்றார்.

பிறகு நல்லசிவத்தைப் பார்த்தார்.

நல்லசிவம் படித்துறைக்கு ஓடி ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து, வெயிலில் தூக்கிக் காட்டினார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு அம்மா. இதுக்கு என்ன குறை? அவங்க பாத்திரம் கழுவுற லட்சணம் அப்படி."

"அவங்க இந்தப் படித்துறையிலேயா குடிக்கிறாங்க?"

"இல்லை. கீழே, வளைவு தாண்டி."

"அப்போ இதை எதுக்குப் பிடிச்சீங்க?"

பக்கத்தில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதைச் சொல்லவா முடியும்? வளைவு தாண்டிப் போய் இன்னொரு பாட்டில் பிடித்து வந்தார். அதுவும் தெளிவாகவே இருந்தது.

"பார்த்தீங்களா!"

"இது இப்போ ஓடி வந்த தண்ணீர். நேத்து என்ன ஓடியதுன்னு இதுக்குத் தெரியாது. அங்கேயே குடியிருக்கிறவங்களைக் கேட்போம், வாங்க."

"யாரை அம்மா?"

குரு புடவையைச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். படித்துறைக்குச் சற்று மேலே ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் மூன்று வால் பூச்சி ஒன்று பதறி ஓடியது. மணல் துகள்களை ஒட்டவைத்துக் கூடு கட்டிக்கொண்ட புழு ஒன்று. கல்லோடு கல்லாகத் தட்டையாக ஒன்று. நல்லசிவம் குனிந்தவர் நிமிரவில்லை. இத்தனை வருஷம் இங்கேதான் குளித்தார். இதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

இருவரும் வளைவு தாண்டிப் போனார்கள். அங்கே ஒரு கல்லைப் புரட்டியதும் நல்லசிவத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இங்கேதான் அம்மா கூட்டம்! எத்தனை சிவப்புப் புழு!"

"எத்தனை விதம்?"

அவர் தேடினார். அடுத்த கல்லிலும் தேடினார்.

"சிவப்புப் புழு மட்டும்தான்."

"அது அழுக்குத் தண்ணியிலயும் பிழைச்சுக்கும். மத்தவங்க ஏன் காலி பண்ணிட்டுப் போனாங்க?"

"மேலே வாழைத்தோட்டத்துல மருந்து அடிக்கிறான். அவன்தான், வேற யாரு?"

"அவன் அடிச்ச மருந்து நம்ம படித்துறையைத் தாண்டித்தானே வரணும்? அங்கே எல்லாரும் சௌக்கியமா இருக்காங்களே."

நல்லசிவத்துக்கு இப்போது அறிந்தே ஆகவேண்டும் என்றிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் புரட்டியபடி கரையோரமாக மேலே நடந்தார். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. மடத்துச் சுவர் வந்தது. இன்னும் சிவப்பு. படித்துறைக்குச் சற்றுக் கீழே ஒரு கல்லில் திடீரென்று மூன்று வால் பூச்சி.

"அம்மா! இங்கேதான் மாறுது!"

கூவிவிட்டுத்தான் நிமிர்ந்தார். அந்தக் கல்லுக்கும் முந்தைய கல்லுக்கும் நடுவே, புதருக்குள்ளிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அன்னதானத்துக்கு வருகிறவர்களுக்காகக் கட்டிய கழிப்பறைத் தொட்டி நிரம்பினால் வழிவதற்கு அவரே நின்று போடவைத்த குழாய்.

குரு பின்னாலேயே வந்து குழாயைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் கமிட்டி கூடுது" என்றார் நல்லசிவம். "அதுல வெச்சுப் பேசி, ஒரு ஏற்பாடு..."

"செய்யுங்க. அதுவரைக்கும் பேச்சி தெரு நம்ம படித்துறைக்கு மேலே வந்து தண்ணீர் எடுத்துக்கட்டும். அவ ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் சொல்லிடுங்க."

"சரி அம்மா."

"நம்ம அடுக்களைக்கும் அன்னதானத்துக்கும் இன்னிக்கிலேருந்து அவங்க எடுத்த இடத்துல எடுங்க."

நல்லசிவம் அதிர்ந்துபோனார். "வளைவு தாண்டியா? அதை எப்படி அம்மா குடிக்கிறது!"

"முடியாதா?" என்றார் குரு, புடவை நுனியைப் பிழிந்தபடி. "அப்போ சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிடுவீங்க."